ராமநாதபுரம் 1803-க்கு அப்புறம் சமஸ்தானம் இல்லைங்க, ஜமீன்

வெள்ளைக்காரன் காலத்து ராமநாதபுரத்தைச் "சமஸ்தானம்" என்று எழுதாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சமஸ்தானம் என்றால் மன்னர் ஆளும் தனி அரசு, ஜமீன் என்றால் சர்க்காருக்கு வரி கட்டும் நிலக்காரரின் சொத்து. குறை சொல்லவும் முடியாது. உத்தரகோசமங்கை, திருப்புல்லாணிக் கோயில்களை நிர்வகிப்பது இன்றைக்கும் "சமஸ்தானம் தேவஸ்தானம்"தான். ஆனால் அது மரியாதைக்கு நின்றுவிட்ட பெயர். நிஜமான சமஸ்தானம் பக்கத்துப் புதுக்கோட்டை. அங்கே மன்னருக்குத் தனிக் கோர்ட்டு இருந்தது, அம்மன் காசு என்று சொந்த நாணயம் இருந்தது, 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைப்பும் நடந்தது. ராமநாதபுரத்துக்கு அப்படி ஓர் இணைப்புப் பத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. அதே 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டம்தான் கிடைக்கும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. 1792 உடன்படிக்கையோடு பாளையக்காரர்களின் சீமைகளான பாளையங்களில் பேஷ்குஷ், அதாவது கப்பம், வசூலிக்கும் உரிமை ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. 1795-ல் ராமநாதபுரத்து மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைப் பட்டத்திலிருந்து இறக்கித் திருச்சியில் அடைத்தார்கள். பிறகு சென்னைக் கோட்டை. 1809-ல் சிறையிலேயே இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1803-ல், சகோதரி மங்களேஸ்வரி நாச்சியார் பெயருக்குச் சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், கொடுத்தது கம்பெனி. இரண்டு அரசுகள் சரிசமமாக உட்கார்ந்து எழுதிய உடன்படிக்கை இல்லை அது. 1802-ன் 25-ஆம் ரெகுலேஷன் என்ற கம்பெனிச் சட்டத்தின் அடிப்படையில் ஒரு நிலக்காரருக்குக் கொடுத்த பத்திரம்.

பத்திரத்தின் விஷம் பேஷ்குஷில் இருந்தது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் வருஷா வருஷம் ஒரே தொகை, அதுவும் ரொக்கமாக. குடிகளிடமிருந்து ஜமீனுக்குப் பெரும்பாலும் வந்ததோ வாரம், அதாவது களத்தில் அடித்த நெல்லில் பங்கு. கண்மாய் நிறைந்தால்தான் நெல், நெல் இருந்தால்தான் பங்கு. கண்மாய் காய்ந்த வருஷம் கிஸ்திக்கு, அதாவது பேஷ்குஷ் தவணைக்கு, கடன் வாங்க வேண்டும், கரைக்கும் மடைக்கும் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போகும். கரை பலவீனப்பட்டால் அடுத்த மழையில் உடைப்பு, மறுபடி கடன். சேதுபதிகள் ஊதாரிகள், அதனால் கடன்பட்டார்கள் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வழியாகப் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று முதன்முதலில் ஆள் அனுப்பிப் பார்த்தவர் சேதுபதியின் பிரதானி (தலைமை அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை. 1895-ல் அணை முடிந்தது, தண்ணீர் மதுரைச் சீமைக்குப் பாய்ந்தது. நமக்கு வந்தது பேர் மட்டும்.

ஜமீனாக இருந்ததில் ஒரு லாபமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் எடுத்த சுவீகாரம் (தத்து) செல்லாது, வாரிசு இல்லாத ஜமீன் சர்க்காருக்கே என்று மதுரை கலெக்டர் வழக்காடினார். அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் 1868-ல் அதைத் தள்ளியது. திராவிட நாட்டு வழக்கப்படி, கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் விதவை சுவீகாரம் எடுக்கலாம். தெளிவாக நிரூபித்த வழக்கம் சாஸ்திர நூலில் உள்ளதை விடப் பலமானது. இந்து சட்டம் படிக்கிற மாணவன் இன்றும் இந்தத் தீர்ப்பைத் தாண்டாமல் போக முடியாது. அதே சுவீகாரப் பிரச்சினையில் ஜான்சி அதற்கு முன்பே கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் ஒரு கையெழுத்தில் போயிருந்தது. கோர்ட்டுக்குப் போக ஜான்சிக்கு வழியில்லை, ஜமீனுக்கு இருந்தது.

ஜமீன் என்பதால்தான் 1873-ல் வாரிசு மைனரானதும் மைனர்களின் ஜமீனை நிர்வகிக்கும் சர்க்கார் அமைப்பான கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் உள்ளே வந்தது. 1889-ல் பாஸ்கர சேதுபதி பொறுப்பேற்கும் வரை அதிகாரிகள் ராஜ்யம்தான்.

பழைய ஆவணம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. ஜமீன் கணக்கில் பசலி என்ற வரிக்கணக்கு ஆண்டு இருக்கும், அதோடு 590 கூட்டினால் அந்த ஆண்டு ஜூலையில் தொடக்கம். பசலி 1290 என்றால் 1880 ஜூலை முதல் 1881 ஜூன் வரை. முந்தைய சேதுபதி செப்பேடுகளில் சக ஆண்டு, அதற்கு 78 கூட்ட வேண்டும். தை, மாசி, பங்குனித் தேதிகள் பெரும்பாலும் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழும் என்பதால் அங்கே 79. இரண்டையும் குழப்பி ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு வருஷம் போட்ட பதிவுகள் ஏராளம்.

கச்சத்தீவு விவாதத்திலும் இதே கோளாறு. "ராஜாவின் தனி நாட்டுத் தீவு" என்று ஆரம்பிக்காதீர்கள். சாயவேர் எடுக்க ஜமீன் குத்தகை விட்ட தீவு, அந்த ஜமீன் சென்னை மாகாணத்துக்குள் கலெக்டருக்குப் பேஷ்குஷ் கட்டிய ஜமீன் என்று ஆரம்பியுங்கள். எதிராளி பதில் தேட வேண்டியது இந்த இரண்டாவது வாதத்துக்குத்தான்.