பாடலை எழுதியவர் ஜாக்சன் ஃபிராங்க்

'ப்ளூஸ் ரன் த கேம்' இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக் எழுதிய ஆங்கிலப் பாடல் என்றும், ஜாக்சன் சி. ஃபிராங்க் அதைப் பிற்பாடு எடுத்துப் பாடினார் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தலைகீழானது. பாடலை இயற்றியவர் அமெரிக்கரான ஃபிராங்க்தான். 1965இல் அவர் பெயரிலேயே வெளிவந்த இசைத்தட்டின் முதல் பாடலும் இதுவே. லண்டனில் பதிவான அந்த இசைத்தட்டைத் தயாரித்தவர் அமெரிக்கப் பாடகர் பால் சைமன். பிறர் பார்க்கப் பாடுவதற்குக் கூச்சப்பட்ட ஃபிராங்க், தம்மைச் சுற்றித் தடுப்புகளை வைக்கச் சொல்லி, அவற்றின் மறைவில் அமர்ந்து பாடினார் என்பார்கள்.

டிரேக் இதை வீட்டில் பாடிப் பதிவு செய்திருந்தார். அவர் 1974இல் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அது முறையாக வெளியானது. இன்று டிரேக்கின் பெயரே பரவலாகத் தெரிவதால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

11 வயதில் பள்ளித் தீவிபத்தில் படுகாயமடைந்து, மருத்துவமனையில் இருந்தபோது கிட்டார் பழகத் தொடங்கியவர் ஃபிராங்க். 1999இல் காலமான அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஒரே முழு இசைத்தட்டு அது என்பதால், அதிலுள்ள பாடலையும் வேறொருவர் கணக்கில் எழுதுவது எனக்குச் சற்று உறுத்துகிறது. சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து நகருக்கு எம்ஆர்டி ரயிலில் செல்லும் நேரத்துக்குள் இரண்டு பதிவுகளையும் தாராளமாகக் கேட்டுவிடலாம். ஃபிராங்கின் பதிவை முதலில் கேளுங்கள்.