நீங்கினார்களா, நீக்கினார்களா?

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை அமெரிக்காவின் லூயிவில் நகரில் கென்டக்கி டெர்பி நடக்கும். இரண்டு கிலோமீட்டர் குதிரைப் பந்தயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதையொட்டி வருகிற கட்டுரைகளில் ஒரு வரியை அடிக்கடி பார்க்கிறேன். தொடக்க காலத்தில் கறுப்பின ஜாக்கிகள், அதாவது பந்தயக் குதிரை ஓட்டுகிறவர்கள், கொடிகட்டிப் பறந்தார்களாம், பிறகு மெல்ல மெல்லக் காணாமல் போனார்களாம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? நீங்கினான் என்றால் அவனாகவே போனான். நீக்கினான் என்றால் ஒருவன் இன்னொருவனைப் போகவைத்தான். நடுவில் இருக்கிற ‘ங்’ என்பது ‘க்’ ஆனால் போதும், குற்றவாளி கண்ணுக்குத் தெரிந்துவிடுவான். டெர்பி வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் இந்த ஓர் எழுத்தைத்தான் மாற்றி எழுதிவிட்டுப் போகிறார்கள்.

முதல் டெர்பி 1875 மே 17 அன்று நடந்தது. ஓடியவை 15 குதிரைகள். அவற்றில் 13 குதிரைகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கறுப்பர்கள். வென்ற குதிரை அரிஸ்டைடிஸ், ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், பழக்கியவர் ஆன்செல் வில்லியம்சன். வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர். இதில் வியக்க ஒன்றும் இல்லை. தென் மாநிலங்களில் லாயத்தைக் கூட்டுவது, தீனி வைப்பது, குதிரையோடு படுத்து எழுவது, விடியலில் ஓட்டிப் பழக்குவது எல்லாமே அடிமைகளின் வேலையாக இருந்தது. கோப்பை முதலாளிக்கு, சாணம் இவர்களுக்கு. அடிமை முறை ஒழிந்ததும் அதே கைத்திறனைக் கூலிக்கு விற்றார்கள், அவ்வளவுதான். அந்த வேலைக்கு அப்போது போட்டி அதிகம் இல்லை.

போட்டி எப்போது வந்தது? காசு வந்தபோது வந்தது. ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 என்று மூன்று டெர்பிகளை வென்றார். அவரே போட்ட கணக்கின்படி ஓடிய பந்தயங்களில் 44 சதவீதம் வெற்றி. கிடைக்கிற ஆவணங்களை மட்டும் வைத்துப் பார்த்தாலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் தேறும். நல்ல காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். ஒரு கறுப்பர், அந்தக் காலத்தில், அவ்வளவு பணம். வினை அங்கேதான் தொடங்கியது.

நான் சொல்லவந்த ஆள் மர்ஃபி அல்ல, அவருக்குப் பின் வந்த ஜிம்மி விங்க்ஃபீல்டு. 1882இல் கென்டக்கியின் லெக்சிங்டன் அருகே பிறந்தார். வீட்டில் 17 பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. 1898இல், 16 வயதில், சிகாகோவில் முதல் பந்தயம். தொடங்கியதுமே மற்ற குதிரைகளின் குறுக்கே பாய்ந்து உள்வேலியைப் பிடிக்கப் பார்த்தார். நான்கு குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ஓராண்டு தடை. பொறுமை இல்லாத பையன் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

1900இல் டெர்பியில் மூன்றாம் இடம். 1901இல் ஹிஸ் எமினென்ஸ் என்ற குதிரையில் முதலிடம். 1902இல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உரிமையாளரிடம் இரண்டு குதிரைகள் இருந்தன: ஆலன்-எ-டேல், தி ரைவல். நாஷ் டர்னர் என்ற வெள்ளைக்கார ஜாக்கிக்குத்தான் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. மிச்சம் இருப்பது விங்க்ஃபீல்டுக்கு. ஆனால் டர்னர் வருவதற்கு முன் இரண்டையும் காலைப் பயிற்சியில் ஓட்டிப் பார்த்தவர் விங்க்ஃபீல்டு. ஆலன்-எ-டேல்தான் உசத்தி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்தார் தெரியுமா? பயிற்சியில் அதன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, முழு வேகத்தை யார் கண்ணிலும் காட்டாமலே வைத்திருந்தார். டர்னர் தி ரைவலைத் தேர்ந்தெடுத்தார். பந்தயத்தில் ஆலன்-எ-டேலுக்குக் கால் பிசகி வேகம் தளர்ந்தபோது, பின்னால் வந்தவர்களை ஆழமான மணல் கிடந்த வெளிப்பக்கம் ஒதுங்கவைத்து, ஒரு மூக்கு வித்தியாசத்தில் கொண்டுவந்து சேர்த்தார். தி ரைவலுக்கு மூன்றாம் இடம்.

இதைத் தந்திரம் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவனுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று அவர்களைக் கேட்க விரும்புகிறேன்.

1903இல் இரண்டாம் இடம். அதையும் வென்றிருந்தால் மூன்று டெர்பிகளைத் தொடர்ச்சியாக வென்ற ஒரே மனிதராக இருந்திருப்பார்; இன்றுவரை யாரும் அதைச் செய்யவில்லை. முந்திக்கொண்டு வேகமெடுத்துவிட்டார். மறுபடியும் அதே பொறுமையின்மை.

இதற்கிடையில் பந்தயத் திடலில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1900 வாக்கில் நியூயார்க் பக்கம் வெள்ளை ஜாக்கிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள். கறுப்பு ஜாக்கி ஏறிய குதிரையை இரு பக்கமும் நெருக்கி வேலியோடு வேலியாகத் தேய்ப்பது, சவுக்கைக் குதிரை மேல் வீசாமல் ஆள் மேல் வீசுவது, முன்னால் வழி அடைப்பது. ஜாக்கிக்குச் சொந்தக் குதிரை கிடையாது; உரிமையாளர் ஏற்றிவிட்டால்தான் சவாரி. தன் குதிரைக்குக் கால் போய்விடும், பந்தயப் பணம் போய்விடும் என்று உரிமையாளர் பயந்தால் அடுத்த முறை அந்த ஜாக்கியைக் கூப்பிடமாட்டார். ‘எனக்கு ஒன்றும் இல்லையப்பா, மற்றவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்’ என்று அவர் கையைக் கழுவிக்கொள்ளலாம். கறுப்பர்கள் ஓட்டக்கூடாது என்று விதி எழுதத் தேவையே இருக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் நேர்த்தியைப் பார்த்து எனக்கு உடம்பு கூசுகிறது. சட்டம் என்று ஒன்று இருந்தால் அதை எதிர்த்தாவது வழக்குப் போடலாம்.

விங்க்ஃபீல்டைப் புனிதராக்குகிற வேலையையும் நான் செய்யமாட்டேன். 1903இல் ஜான் மேடன் என்ற பெரும்புள்ளியின் குதிரையை ஒரு முக்கியப் பந்தயத்தில் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார். பிறகு இன்னொருவர் 3,000 டாலர் தருகிறேன் என்றதும் அந்தப் பக்கம் தாவிவிட்டார். வாக்குத் தவறியது தவறுதான். மேடன் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஒருவருக்கு, அத்தனை செல்வாக்குள்ள ஆள் இனி நீ சவாரி செய்யமுடியாது என்று சொன்னால் அதன் எடை வேறு. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரைகள் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

1904இல் கப்பலேறினார், ரஷ்யாவுக்கு. ஜார் மன்னரின் ரஷ்யா, எந்த விதத்திலும் சொர்க்கம் அல்ல. யூதர்கள் மீது படுகொலைகள் ஏவப்பட்ட நாடு. அதனால் அமெரிக்காவில் கெட்டவர்கள், ரஷ்யாவில் நல்லவர்கள் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். ஆனால் அங்கே பந்தய ஓட்டத்தில் அவரை யாரும் வேலியில் தேய்க்கவில்லை. ரஷ்ய டெர்பியை ஒரு முறை அல்ல, பல முறை வென்றார். மாஸ்கோவில் பெரிய ஹோட்டலில் குடியிருந்தார். எண்ணெய்க் கோடீசுவரர்கள் அவருக்கு முதலாளிகள் ஆனார்கள்.

பிறகு புரட்சி. பந்தயக்காரர்கள் குதிரைகளோடு தெற்கே ஒடெசாவுக்குத் தள்ளப்பட்டார்கள். 1919இல் சிவப்புப் படை நெருங்கியபோது, விங்க்ஃபீல்டும் சிலரும் 200க்கும் மேற்பட்ட உயர் ரகக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வார்சாவுக்குப் புறப்பட்டார்கள். ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். வழியில் பசிக்குக் குதிரைகளையே அடித்துத் தின்றார்கள். வாழ்நாள் முழுவதும் குதிரையைத் தடவிக்கொடுத்த கை அந்த இறைச்சியை எப்படி எடுத்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

அடுத்தது பிரான்ஸ். 1930 வரை சவாரி செய்தார். அப்போது வயது 48. பிறகு பாரிஸுக்கு வெளியே மேசோன்-லாஃபித்தில் சொந்த லாயம் வைத்துக் குதிரைகளைப் பழக்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வந்து லாயத்தைப் பறித்துக்கொண்டார்கள். அறுபதை நெருங்கும் வயதில் அமெரிக்கா திரும்பினார். இரண்டு டெர்பி வென்றவருக்குப் பிறந்த நாடு தந்த முதல் வேலை சாலை போடுவது. பிறகு தெற்குக் கரோலினாவில் குதிரைகளைப் பராமரிக்கும் வேலை, அதாவது வட்டம் சுற்றி மீண்டும் லாயத்துக்கே. 1953இல் போதும் என்று பிரான்ஸுக்குப் போய்விட்டார். 1974இல் அங்கேயே இறந்தார், 91 வயதில்.

முதல் 28 டெர்பிகளில் 15ஐ வென்றவர்கள் கறுப்பின ஜாக்கிகள். அந்தப் பதினைந்தில் கடைசி, ஆலன்-எ-டேல் மேல் விங்க்ஃபீல்டு. அதற்குப் பிறகு ஒருவர்கூட வெல்லவில்லை. 1921இல் ஒருவர் ஓட்டினார்; அடுத்தவர் டெர்பியில் சேணத்தில் ஏற 2000ஆம் ஆண்டு ஆனது. நிஜ ஜாக்கிகள் விரட்டப்பட்ட காலத்திலும் கறுப்புப் பையனின் இரும்புச் சிலை மட்டும் பணக்காரர் வீட்டுப் புல்வெளிகளில், கையில் குதிரை கட்டும் வளையத்தோடு நின்றுகொண்டிருந்தது. சிலை சம்பளம் கேட்காது, சரிதானே.

2004இல் விங்க்ஃபீல்டின் பெயரை அமெரிக்கப் பந்தயப் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள். இறந்து 30 ஆண்டு கழித்து. என் மனம் அங்கே நிற்கவில்லை, 1961க்குப் போகிறது. டெர்பியை ஒட்டி நடந்த ஒரு விருந்துக்கு ஒரு விளையாட்டுப் பத்திரிகை அவரை அழைத்திருந்தது. 79 வயது. மகள் லிலியானோடு லூயிவில்லின் பிரவுன் ஹோட்டல் முன்வாசலுக்கு வந்தார். கறுப்பர்கள் இந்த வழியாக வரமுடியாது என்று நிறுத்திவிட்டார்கள். அழைப்பு இருக்கிறது என்று விளக்கிக் காத்திருந்து, ஒருவழியாக உள்ளே போனார்கள். உள்ளே பெரும்பாலானோர் அவர் இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

ஒருவர் மட்டும் வந்து பேசினார். ராஸ்கோ கூஸ், வெள்ளைக்காரர், முன்னாள் ஜாக்கி. 1913இல் டொனரெய்ல் என்ற குதிரையை, ஒன்றுக்கு 91 என்று யாரும் நம்பாத விகிதத்தில் இருந்ததை, ஓட்டி டெர்பி வென்றவர்.