செலவைக் கேட்டுவிட்டு வருமானம் சமம் என்று சொல்லாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேங்காய் உரிக்கும் கூலிக்காரர் ஒருவர் மாதம் 15,000 சம்பாதித்து 14,000 செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோப்புக்காரருக்கு வருமானம் 3 லட்சம், செலவு 60,000. வருமானத்தில் 20 மடங்கு வித்தியாசம். செலவை மட்டும் கேட்டால் 4 மடங்கு சொச்சம்தான். மிச்சப் பணம் நிலமாகவும் நகையாகவும் வைப்புத்தொகையாகவும் போய்விடுகிறது.

2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட குறிப்பில், ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி எண் இந்தியாவுக்கு 25.5, உலகிலேயே நான்காவது சமத்துவமான நாடு என்றிருந்தது. (0 என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு, 100 என்றால் எல்லாம் ஒருவர் கையில்.) அது உலக வங்கியின் எண், பொய் இல்லை. ஆனால் நம் நாட்டுக்கு அது செலவுக் கணக்கு. அந்தப் பட்டியலில் பல நாடுகளுக்கு வருமானக் கணக்கு. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி நாம் முந்திவிட்டோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, 2011-12இல் 28.8 ஆக இருந்தது குறைந்திருக்கிறதே என்பார்கள். அப்போது அரசின் செலவுக் கணக்கெடுப்புக்கு ஒரே தடவை வீட்டுக்கு வந்து கேட்டார்கள். 25.5 வந்த 2022-23 கணக்கெடுப்பில் கேள்விகளை மூன்றாகப் பிரித்து, மூன்று மாதம் மூன்று தடவை வந்தார்கள். அளக்கும் படியே மாறிவிட்டது. குறைந்ததில் எவ்வளவு உண்மை, எவ்வளவு படி மாறியதால் வந்தது என்று யார் பிரிப்பது?

வருமான வரிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் வேறு படம் காட்டுகிறது. 2022-23இல் மேல்தட்டு 1 சதவீதம் பேருக்கு மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம். நான் இதைத்தான் கூடுதலாக நம்புகிறேன். பெரும் பணக்காரர் வீட்டில் கணக்கெடுப்பவருக்குக் கேட் திறப்பது அபூர்வம், வரிக் கணக்கிலாவது அவர் இருக்கிறார். ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. தோப்பை மட்டும் நம்பியிருப்பவரும் அந்தக் கணக்கில் இல்லை, வரி வரம்புக்குக் கீழே சம்பாதிப்பதால் அவரிடம் கூலிக்குப் போகிறவரும் இல்லை.

அதனால்தான் நேரடியாக வருமானத்தையே கேட்கும் கணக்கெடுப்பு வேண்டும். 2026இல் அப்படி ஒன்றை நடத்தப்போவதாக மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025இல் அறிவித்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் தேங்காய் விற்ற பணத்தையும், கள்ளுக்கு விட்ட மரங்களின் குத்தகையையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று, தோப்பு வைத்திருக்கும் என் சொந்தக்காரர்களிடம் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.