எவரெஸ்டை அளந்தவர் எவரெஸ்ட் அல்ல

"1802-ல் பரங்கிமலையில் நில அளவையைத் தொடங்கிய ஜார்ஜ் எவரெஸ்ட், இமயம் வரை போய் உலகின் உயரமான சிகரத்தைக் கண்டுபிடித்தார், அதனால்தான் அவர் பெயர்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஆண்டு, இடம், பெயர் தவிர மற்றதெல்லாம் தவறு.

1802-ல் எவரெஸ்டுக்கு வயது 12. பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி, சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை (மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையான நேர்கோடு) அளந்தவர் வில்லியம் லாம்டன். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கோணம் அளக்கும் அரை டன் கருவியான தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதிய 1808 சம்பவமும் லாம்டன் கதைதான். கருவியின் நசுங்கிய வட்டத்தை அவரே தட்டித் தட்டி நேராக்கினார்.

எவரெஸ்ட் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தது 1818-ல். 1830-ல் இந்திய நில அளவைத் துறையின் தலைவரான சர்வேயர் ஜெனரல் ஆனார், 1843-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போய்விட்டார். சரி, சிகரத்தை அளந்தது யார்? நேபாளத்துக்குள் அனுமதி இல்லாததால், அவர் போன பிறகு சமவெளியில் நின்று, 170 கி.மீ.க்கும் அப்பாலிருந்து கோணங்களை எடுத்தார்கள். கணக்குப் போட்டவர் கல்கத்தாக்காரர் ராதாநாத் சிக்தர். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி.

பெயர் வைத்தவர் அடுத்த சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா. எவரெஸ்டோ, இந்தியர்கள் வாயில் இது நுழையாது என்று மறுத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் தன் பெயரைச் சொன்னது 'ஈவ்ரெஸ்ட்' என்று!