பேண்ட் வாசிக்கும்போதே பாடுங்கள்

சமீபத்தில் ஒரு ஜாஸ் ஆல்பம் கேட்டேன், பெயர் வேண்டாம். பாடகிக்கு அருமையான குரல், கூடவே முழு பிக் பேண்ட், அதாவது ஜாஸின் பெரிய வாத்தியக் குழு. இருந்தும் இரண்டு பாட்டு முடிந்த பிறகும் மனசு ஒட்டவில்லை. மூன்றாவது பாட்டில்தான் காரணம் பிடிபட்டது. டிரம்பெட்டுகள் உச்சத்துக்கு ஏறி சட்டென்று நிற்கின்றன. அந்த வெற்றிடத்தில் குரல் நுழைகிறது. ஆனால் அத்தனை பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவரின் மூச்சு அதில் இல்லை. பேண்டை முன்பே பதிந்து வைத்துவிட்டு, வேறொரு நாள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாடியிருக்கிறார். ஆல்பத்தோடு வந்த குறிப்பிலேயே அது இருந்தது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பிக் பேண்டோடு ஆல்பம் என்றால், பேண்ட் வாசிக்கிற அதே நேரத்தில் பாட வேண்டும்.

வழக்கமான பிக் பேண்டில் 17 பேர்: 5 சாக்ஸபோன், 4 டிரம்பெட், 4 டிராம்போன், மீதி பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ். எல்லாம் எழுதி வைத்துத்தானே வாசிக்கிறார்கள், யார் எப்போது பாடினால் என்ன என்று கேட்கலாம். எதை வாசிப்பது என்று காகிதம் சொல்லும். எவ்வளவு அழுத்துவது, எங்கே இழுப்பது என்பதெல்லாம் காது சொல்ல வேண்டியது. பாடகி ஒரு வரியைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விட்டுப் பாடுவார். டிரம்மர் அவரோடு சேர்ந்து பின்வாங்கிவிடக் கூடாது, காலப்பிரமாணத்தைப் பிடித்து நிற்க வேண்டும். அந்த இழுபறியில்தான் ஸ்விங்கே, ஜாஸின் அந்தத் துள்ளல் நடையே, இருக்கிறது. குரலே இல்லாத அறையில் அவர் யாரிடமிருந்து தாளத்தைக் காப்பாற்றுவார்?

இன்ஜினியர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. டிரம்பெட் சத்தம் குரல் மைக்கில் புகுந்துவிடும். ஒரு சொல் பிசகினால் அதை மட்டும் வெட்டி மாற்ற முடியாது. திரும்பத் திரும்ப டேக் போனால் டிரம்பெட்காரர்களின் உதடு தளர்ந்துவிடும். சரி, கண்ணாடி வைத்த தனி அறையில் பாடகியை நிறுத்துங்கள். அவர் பேண்டைப் பார்க்கட்டும், பேண்ட் அவரைப் பார்க்கட்டும். எனக்கு அது போதும்.

ஒத்திகைக்கும் இதையேதான் சொல்வேன். பாடுகிறவருக்கு எந்தக் கட்டை பொருந்தும் என்று தெரிந்துகொண்டுதான், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் அமைக்கும் அரேஞ்சர் எழுதுகிறார். பதிவு அன்று வந்து அரைக் கட்டை இறக்கச் சொன்னால், டிரம்ஸ் தவிர எல்லோருடைய நோட்ஸையும் மாற்ற வேண்டும்.

பெரிய பாடகர்கள் பலர் பேண்டுக்குள்ளேயே வளர்ந்தவர்கள். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1935-ல் டிரம்மர் சிக் வெப்பின் பேண்டில் சேர்ந்தார். 1939-ல் வெப் இறந்த பிறகு அந்த பேண்டே எல்லாவின் பெயரில் நடந்தது. ஃபிராங்க் சினாட்ரா, டாமி டார்சி பேண்டில் பாடிய நாட்களில், மூச்சு வாங்குவது தெரியாமல் டார்சி டிராம்போன் வாசிப்பதைக் கவனித்துத் தன் நீண்ட வரிகளைப் பழகினார். 1963-ல் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் பேண்டோடு எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடிய ஆல்பம் குவின்சி ஜோன்ஸின் அரேஞ்ச்மெண்டில் வந்தது. அதைக் கேளுங்கள். குரல் ஆறாவது சாக்ஸபோன் மாதிரி பேண்டுக்குள் போய்ப் போய் வரும்.

எனக்குத் தீராத ஏக்கம் ஒன்று உண்டு. 1937-ல் பாடகி பில்லி ஹாலிடே, பேஸி பேண்டோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். இருவரும் வெவ்வேறு ரெக்கார்டு கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் இருந்ததால் சேர்ந்து ஸ்டுடியோவில் ஒரு பாட்டுகூடப் பதியவில்லை. வானொலி ஒலிபரப்பிலிருந்து பிடித்து வைத்த சில பாட்டுகள்தான் மிச்சம். ஒலி சுமார்தான், சில இடங்களில் பாஸைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அவர் ஒரு சொல்லைத் தள்ளிப் போடுவதும், அத்தனை பேரும் தாளம் நழுவாமல் அதைத் தாங்கிக்கொள்வதும் எனக்குக் கேட்கிறது. நேற்று இரவும் அதைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.