பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் டாக்சி ஓடியதா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது மின்சாரப் பறக்கும் டாக்சிகள் கட்டணப் பயணிகளை ஏற்றிச் சென்றதாகவும், மொட்டை மாடி இருந்தால் எந்த நகரிலும் இதைத் தொடங்கிவிடலாம் என்றும் பரவும் தகவல் தவறானது.

ஜெர்மனியின் வோலோகாப்டர் நிறுவனம் அத்தகைய சேவைக்குத் திட்டமிட்டது உண்மைதான். ஆனால், 18 சுழலிகள் (விசிறி போலச் சுழன்று ஊர்தியை மேலே தூக்கும் இறக்கைகள்) கொண்ட அதன் இரண்டு இருக்கை ஊர்திக்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் சான்றிதழ் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. போட்டிகளின் கடைசி நாளான ஆகஸ்ட் 11 அன்று பாரிஸ் அருகே வெர்சாய் பகுதியில், பயணிகள் இல்லாமல் செயல்விளக்கப் பறப்பு மட்டுமே நடந்தது. பரப்பப்படும் காணொளிகள் இத்தகைய பறப்புகளைக் காட்டுபவையாக இருக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது.

மொட்டை மாடி பற்றிய பேச்சுதான் கூடுதல் கவலை தருகிறது. தளம் ஊர்தியின் எடையையும், சுழலிகள் கீழே தள்ளும் காற்றின் வேகத்தையும் தாங்க வேண்டும். ஏறி இறங்கும் வான்வழியில் கோபுரமோ மின்கம்பியோ குறுக்கிடக் கூடாது. விரைவு மின்னேற்றத்துக்கு அக்கட்டடத்தின் வழக்கமான மின்இணைப்பு போதாது. லித்தியம் மின்கலத்தில் பற்றும் தீ, அணைத்த பிறகும் மீண்டும் மூளக்கூடியது என்பதால், தீயணைப்பு ஏற்பாட்டைத் தனியாகவே திட்டமிட வேண்டும். பாரிஸ் சேவைக்குத் திட்டமிட்டவர்கள் 2022 நவம்பரிலேயே அந்நகருக்கு அருகிலுள்ள போந்துவாஸ் விமானத் தளத்தில் இதற்கான சோதனை முனையத்தைத் திறந்து ஒத்திகை பார்த்து வந்தனர்; அப்படியிருந்தும் ஒலிம்பிக்கின்போது கட்டணச் சேவை தொடங்கவில்லை.