40 வினாடிக்காக

வியாழக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், முழுக் கதையும் சொல்லப்போவதில்லை. ஜாவா புரோகிராமின் கோடில் தப்புத் தேடும் கருவியான ஸ்பாட்பக்ஸைப் பில்டு ஃபைலிலிருந்து (கோடை ஓடும் புரோகிராமாக்கும் படிகளை எழுதி வைக்கும் இடம்) எடுத்துவிட்டார்கள். எழுதியிருந்த காரணம் ஒரே வரி: "பில்டுக்கு 40 வினாடி கூடுதலாகிறது, கோடில் எங்கேயும் பயன்படவில்லை."

கோடில் எப்படிப் பயன்படும்? அது நாம் எழுதியதைப் படித்துத் தப்பு கண்டுபிடிக்க வந்தது. பில்டோடு அதன் வேலை முடிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஜாவாவில் இரண்டு ஆர்டர் எண்களை ஒப்பிட வேண்டியிருந்தது. இரண்டும் இன்டிஜர் ஆப்ஜெக்ட்கள், அதாவது முழு எண்ணை உள்ளே வைத்திருக்கும் பெட்டிகள். உள்ளே இருக்கும் எண்ணை ஒப்பிடும் ஈக்வல்ஸ் போடாமல் இரட்டைச் சமக்குறி (==) போட்டுவிட்டேன். டெஸ்ட்டில் கொடுத்தது 1, 5, 12. எல்லாம் பாஸ். புரொடக்‌ஷனில் 127 வரை ஒழுங்காகப் போனது, 128-லிருந்து ஒன்றுகூடப் பொருந்தவில்லை. -128 முதல் 127 வரை ஜாவா ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஆப்ஜெக்டையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். அதைத் தாண்டினால் வழக்கமாகத் தனித்தனி ஆப்ஜெக்ட். சமக்குறியோ இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். மூன்று சீனியர்கள் அந்த வரியைப் படித்து ஓகே சொல்லியிருந்தார்கள். கம்பைலரும் வாய் திறக்கவில்லை. ஸ்பாட்பக்ஸ், அதே மாதிரிக் கருவியான எரர் புரோன் இரண்டுமே அந்த வரியைக் காட்டிக்கொடுக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு அதை நானே கண்டுபிடித்தேன். அந்த இரவோடு ஒப்பிட்டால் 40 வினாடி எனக்குப் பெரிதே இல்லை.

"ஒவ்வொரு டிபெண்டன்சியும் (வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் மென்பொருள்) ஒரு ஆபத்துதானே?" என்பார்கள். உண்மை, இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். 2018 ஜூலையில், ஜாவாஸ்கிரிப்ட் கோடில் தப்புத் தேடும் லின்ட்டரான இஎஸ்லின்ட் பயன்படுத்தும் இஎஸ்லின்ட்-ஸ்கோப் 3.7.2 பதிப்பில் திருட்டுக் கோடு புகுந்தது. பராமரிப்பாளர் ஒருவரின் கணக்கைக் கைப்பற்றி வெளியிட்டிருந்தார்கள். இன்ஸ்டால் செய்தவர்களின் என்பிஎம் டோக்கன்களை (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகள் வெளியாகும் தளத்தில் அவர்கள் கணக்கின் சாவிகள்) அது திருடியது. தரத்துக்காகச் சேர்க்கும் லின்ட்டர் வழியாகவே வந்த ஆபத்து. அதனால்தான் பதிப்பை எண்ணோடு பூட்டி வை என்கிறேன். அப்புறம், யாராவது இன்னும் பராமரிக்கிறார்களா என்று பார். ஃபைண்ட்பக்ஸின் கடைசிப் பதிப்பு 2015-ல் வந்தது, அதன் வாரிசுதான் ஸ்பாட்பக்ஸ். பத்து கருவியைச் சேர்க்கச் சொல்லவில்லை. பார்த்துத் தேர்ந்தெடுத்த இரண்டு போதும்.

"வார்னிங் நூற்றுக்கணக்கில் வருகிறது, யார் படிப்பது?" சரி, வேண்டாத விதிகளை அணைத்துவிடு, மிச்சத்தைப் பில்டையே நிறுத்தும் எரராக்கு. அதற்கு ஒரு மதிய நேரம் போதும். கருவியையே தூக்குவது அதற்குப் பதில் ஆகாது.

நான் விதி பேசிப் பேசி வேலையைத் தாமதப்படுத்துகிறேனாம். நல்ல புரோகிராமருக்கு இதெல்லாம் தேவையில்லையாம். அன்று ஓகே சொன்ன மூன்று பேரும் நல்ல புரோகிராமர்கள்தான். நேற்று சேர்ந்த பிள்ளைகள் இன்றைக்கு அதே சமக்குறியைப் போட்டால் தடுக்க அங்கே எதுவும் இல்லை. திட்டு வாங்கப்போவது அவர்கள்தான், அதுதான் எனக்கு வலிக்கிறது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஸ்பாட்பக்ஸைச் சேர்த்த கமிட்டில் (மாற்றத்தின் பதிவு) என் பெயர் இருக்கிறது. ஏன் சேர்த்தேன் என்று ஆறு வரி எழுதியும் வைத்திருந்தேன், 128 கதை உட்பட. யாரும் திறந்து பார்க்கவில்லை.